பஞ்சத்தை மறக்காத உடல்

உடற்பருமனுக்காகச் செய்யப்படும் இரைப்பை அறுவை சிகிச்சை பெரிய பையைச் சிறிதாக்கித் தைக்கும் வேலையாகவே பலருக்கும் தோன்றுகிறது. குடலுக்கும் மூளைக்கும் இடையே ஓயாமல் நடக்கும் பேச்சையும் அது மாற்றிவிடுகிறது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. இரைப்பையை நெடுக வெட்டிக் குழாய்போல ஆக்கும் முறையில் அதன் முக்கால் பங்கு அகற்றப்படுகிறது. 1999-இல் ஜப்பானிய அறிஞர்கள் கண்டறிந்த கிரெலின் என்னும் பசியூட்டும் ஹார்மோன் பெரும்பாலும் அப்பகுதியில் சுரப்பதால், பையோடு பசியின் குரலும் தணிகிறது. பைபாஸ் முறையிலோ உணவு சிறுகுடலின் முற்பகுதியைத் தொடாமல் கீழே விரைகிறது. அங்கே, போதும் என்று மூளைக்கு உணர்த்தி இன்சுலினையும் தூண்டுகிற ஜி.எல்.பி.-1 என்ற ஹார்மோன் பெருகுகிறது. எடை இறங்கும் முன்பே, சில நாட்களில், பலருக்குச் சர்க்கரை இறங்கிவிடுவதற்கு உணவு குறைவதோடு இதுவும் காரணமாகும்.

ஆனால் உடல் சிக்கனக்காரன். உணவு குறைந்தால், இழந்த எடைக்குரிய அளவைவிடவும் கூடுதலாகத் தன் செலவைச் சுருக்கிக்கொள்ளும். ஓய்வில் இருக்கும்போது மூச்சுக்கும் இதயத்துடிப்புக்கும் வெப்பத்துக்கும் எரிக்கும் ஆற்றலே குறைந்துவிடும். 1876–78 பெரும்பஞ்சத்தில் மடிந்தவர்களின் மண்ணான சேலத்தில் இந்தச் சுருக்கத்தைக் குறையென்று சொல்ல மனம் வருவதில்லை, பிழைத்தவர்களைக் காத்ததில் அதற்கும் பங்கிருந்திருக்கும். அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியொன்றில் பட்டினியாலும் உடற்பயிற்சியாலும் இளைத்தவர்களுக்கு, ஆறு ஆண்டுகளுக்குப் பிறகும் அவர்களின் உடலுக்குரிய அளவைவிட நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி குறைவாகவே எரிந்தது. பைபாஸ் செய்துகொண்டவர்களிடம் ஆறாம் மாதத்தில் தென்பட்ட அதே சுருக்கம் ஓராண்டில் தளர்ந்திருந்ததாக ஓர் ஒப்பீட்டு ஆய்வு கூறுகிறது. அப்படியிருந்தும் சிலருக்கு எடை மீண்டும் ஏறுவதுண்டு. அதை வாய்க்கட்டுப்பாடின்மை என்று உறவினர் ஏசுவது பெருங்கொடுமை.

மாற்றம் முழுதாகத் தெரிவது தட்டில்தான். நாளைக்கு 60 கிராம் புரதமாவது வேண்டியவருக்கு, 6 கிராம் தரும் ஒரு நாமக்கல் முட்டையை முடிக்கவே தொடக்கத்தில் இருபது நிமிடம் பிடிக்கும். பாதியாக அரிந்து, நன்றாக மென்று, இடையே தண்ணீர் குடிக்காமல் உண்ண வேண்டும். புரதம் குறைந்தால் கொழுப்போடு தசையும் கரையும். தசை கரைந்தால் எரியும் ஆற்றல் மேலும் குறையும். ஆத்தூர், ராசிபுரம் பக்கத்து ஆலைகளில் குச்சிக்கிழங்கிலிருந்து எடுக்கும் ஜவ்வரிசியோ ஏறக்குறைய முழுக்க மாவுச்சத்து. அதில் வைத்த பாயசத்தை ஒரு டம்ளர் குடித்தாலே, பைபாஸ் செய்துகொண்டவரின் குடலுக்குள் இனிப்பு ஒரேயடியாக இறங்கி நீரை இழுத்துக்கொள்ள, நெஞ்சு படபடத்து வியர்த்துக் கொட்டலாம். கெடாவெட்டு விருந்தில் பாதி இலையோடு எழுந்துவிடும் அவரை ‘இன்னும் ரெண்டு துண்டு’ என்று அமர்த்துவது அன்புதான், அந்தக் குடல் அதை அன்பாக ஏற்பதில்லை. இரும்பு, கால்சியம், பி12 ஆகியவை உடலில் சேர்வதும் குறைகிறது. பி12 குறைவு ஆண்டுகள் கழித்துக்கூடப் பாதம் மரத்துப்போவதாக வெளிப்படலாம் என்பதால், எடை இறங்கி நின்றுவிட்ட பின்னும் ஆண்டுதோறும் ரத்தப் பரிசோதனைக்குப் போய்வர வேண்டியிருக்கிறது.