முன்னால் விடும் இடம்

பொங்கல் விடுமுறையின் கடைசி ஞாயிற்றுக்கிழமை சென்னையிலிருந்து தெற்கே போவது சுலபம். திரும்பி வருவதுதான் வேலை. ஊருக்குப் போகிற கூட்டமெல்லாம் போகிக்கு முன்பே போயிருக்கும். அதனால் விடியற்காலை ஐந்தரைக்குத் தாம்பரத்தில் கிளம்பினால் பெருங்களத்தூர், வண்டலூர், சிங்கப்பெருமாள் கோவில் எல்லாம் கண் மூடித் திறப்பதற்குள் போய்விடும். மதுராந்தகம் ஏரியில் வெளிச்சம் விழும்போது அந்தப் பக்கம் இருப்போம். திண்டிவனத்தில் வலது பக்கம் திரும்பினால் செஞ்சி. எட்டரைக்கு டிபன் முடித்துவிட்டு, வெயில் ஏறுமுன் கோட்டையின் ராஜகிரி படிக்கட்டுக்குப் போய்விடலாம்.

ஆக்டிங் டிரைவர் வேலையில் இந்தச் செஞ்சி சவாரி எனக்கு அடிக்கடி வரும். கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தபிறகு கேட்பவர்களும் கூடியிருக்கிறார்கள். நான் ஒன்றுதான் சொல்வேன்: "சார், மூணு மணிக்குள்ள பரனூர் டோலைத் தாண்டணும். இல்லேன்னா செஞ்சிலயே ராத்திரி சாப்பாடு முடிச்சுட்டு நிதானமா கிளம்பலாம்." யாரும் கேட்பதில்லை. கோட்டை, மதியச் சாப்பாடு, வெயில் தாழ ஒரு டீ என்று ஆகி, நான்கு மணிக்குத்தான் வண்டியில் ஏறுவார்கள். ஆறு மணிக்கு நாங்கள் ஆத்தூர் டோல்கேட் வரிசையில் இருப்போம்.

மாற்று வழி சொல்பவர்கள் உண்டு. திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போய் ஈ.சி.ஆர். பிடிக்கலாம் என்பார்கள். பொங்கல் விடுமுறையில் மாமல்லபுரம் பக்கம் போன எந்த டிரைவரும் அதை இரண்டாவது முறை சொல்ல மாட்டான். வந்தவாசி, காஞ்சிபுரம், வாலாஜாபாத், ஒரகடம் வழி தேவலை. சாலை குறுகல்தான், ஊருக்கு ஊர் வேகத்தடை இருக்கும். ஆனால் சக்கரம் உருண்டுகொண்டே இருக்கும். பெரியவர்கள் இல்லாத வண்டியென்றால் நான் அதைத்தான் எடுப்பேன்.

மற்றபடி காலையில் வந்த அதே ஜி.எஸ்.டி. சாலைதான். அங்கே டிரைவரின் திறமை வேகத்தில் இல்லை. முன் வண்டிக்கும் தன் வண்டிக்கும் நடுவில் எவ்வளவு இடம் விடுகிறான், அதை எப்படிக் காப்பாற்றுகிறான் என்பதில் இருக்கிறது.

நெரிசலில் பலர் ஓட்டுவதைப் பாருங்கள். முன் வண்டி பத்தடி நகர்ந்தால் சட்டென்று ஆக்ஸிலேட்டரை மிதித்துப் பத்தடியையும் நிரப்பி, உடனே பிரேக் போடுவார்கள். ஒரு மணி நேரம் இப்படிப் போனால் பின்சீட்டில் பாட்டிக்குத் தலை சுற்றும், பிள்ளை வாந்தி எடுக்கும். கிளட்ச்சைப் பாதி அமுக்கியபடியே ஊர்ந்தால் பிளேட் கருகும் வாடை வரும்.

நான் முன் வண்டியைப் போகவிடுவேன். நாலைந்து கார் நீளம் இடம் உண்டானதும் ஃபர்ஸ்ட் கியரில் கிளட்ச்சை முழுக்க விட்டு, ஆக்ஸிலேட்டரில் கால் வைக்காமல், வண்டியைத் தானாக உருளவிடுவேன். அது மெதுவாக அந்த இடத்தைத் தின்றுகொண்டே போகும். முன் வண்டியை நெருங்குவதற்குள் அதுவும் நகர்ந்துவிடும். என் கண் முன் வண்டியின் மேல் இருக்காது, அதற்கு முன்னால் இரண்டு மூன்று வண்டிகள் தள்ளி எரியும் சிவப்பு விளக்கின் மேல் இருக்கும். நின்றே ஆக வேண்டுமென்றால் நியூட்ரல், ஹேண்ட் பிரேக். இரவில் பிரேக்கை மிதித்துக்கொண்டே நின்றால் பின்னால் இருப்பவன் கண் கூசும்.

பக்கத்து சீட்டிலிருந்து சார் சொல்லுவார், "இவ்ளோ கேப் விட்டா எல்லாரும் பூந்துடுவான்ப்பா."

"பூரட்டும் சார்."

புகத்தான் செய்வார்கள். கணக்குப் பார்த்தால் அந்த வேகத்தில் ஒரு கார் நம் முன்னால் நுழைந்தால் நமக்கு நஷ்டம் இரண்டு, இரண்டரை விநாடி. ஆத்தூரிலிருந்து பரனூர் வரை முப்பது பேர் கட் அடித்து நுழைந்தாலும் ஒன்றேகால் நிமிடம். அந்த ஒன்றேகால் நிமிடத்துக்காகத்தான் ஜன்னலை இறக்கி அடுத்தவன் தாயை இழுக்கிறோம்.

இதில் இன்னொரு விஷயம், ஒரு வீட்டுப் பையன் போனில் வீடியோ காட்டித்தான் எனக்குப் புரிந்தது. ஜப்பானில் நகோயா பல்கலைக்கழகத்து யூகி சுகியாமா குழுவினர் 230 மீட்டர் வட்டப் பாதையில் 22 கார்களை விட்டு, 30 கிலோமீட்டர் வேகத்தில் சீராகச் சுற்றச் சொன்னார்கள். சிக்னல் இல்லை, பள்ளம் இல்லை, மாடு இல்லை. கொஞ்ச நேரத்தில் நெரிசல் தானாகவே உண்டாகிவிட்டது. ஒருவர் சற்றே வேகம் குறைக்க, பின்னவர் அதைவிடக் கூடுதலாகக் குறைக்க, அதற்குப் பின்னவர் நின்றே போனார். வண்டிகள் முன்னால் போக, நெரிசல் மட்டும் அலையாகப் பின்னால் நகர்ந்தது. 2008இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். படாளம் தாண்டியதும் காரணமே இல்லாமல் நின்று, காரணமே இல்லாமல் கிளம்புகிறோமே, அதில் பாதி இதுதான். நாம் முன்னால் இடம் விட்டால் அந்த அலை நம்மிடம் வந்து கொஞ்சம் அடங்கும். நமக்குப் பின்னால் வருபவன் பிரேக் போட வேண்டியிருக்காது. அவன் யாரென்று நமக்குத் தெரியாது, நமக்கு நன்றி சொல்லவும் மாட்டான்.

108 ஆம்புலன்ஸ் வரும்போதும் இந்த இடம்தான் கைகொடுக்கும். நிற்கும்போது முன் வண்டியின் பின்சக்கரம் தரையைத் தொடுவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். அவ்வளவு இடம் இருந்தால் ரிவர்ஸ் எடுக்காமலே ஸ்டீயரிங்கை ஒடித்து ஒதுங்கலாம். ஒட்டி நிற்பவனுக்கு மனமிருந்தாலும் ஒதுங்க வழியில்லை. சர்வீஸ் ரோட்டில் பாய்ந்து போய் அடுத்த திறப்பில் மூக்கை நுழைப்பவர்களைப் பற்றி நான் எழுதப் போவதில்லை, கோபம் வரும்.

டோல்கேட்டில் நான் பஸ்ஸும் லாரியும் அதிகம் நிற்கும் வரிசையில் போய் நிற்பேன். சார் பதறுவார். ஒரு ஆம்னி பஸ் இரண்டு மூன்று கார் நிற்கும் இடத்தை அடைத்துக்கொண்டாலும் ஸ்கேன் ஒன்றுதானே? அதே நீளத்துக் கார் வரிசையில் ஸ்கேன் அதிகம், கணக்கில் பணமில்லாத ஃபாஸ்டேக் மாட்டும் வாய்ப்பும் அதிகம். அப்படி ஒரு வண்டி மாட்டினால் லேனே நின்றுவிடும். 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமானது. இன்னும் டோலில் நின்றுகொண்டு மச்சானுக்குப் போன் போட்டு ரீசார்ஜ் செய்யச் சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

நெரிசலில் டெம்பரேச்சர் முள் ஏறினால் பயப்பட வேண்டாம். ஏ.சி.யை அணைத்து, ஹீட்டரை முழுசாகத் திறந்து, ஜன்னல்களை இறக்குங்கள். உள்ளே வேகும். ஆனால் இன்ஜின் சூட்டைக் கொஞ்சம் வெளியே இழுத்துவிடும். அதற்கும் முள் இறங்காவிட்டால் ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்துங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியில் மட்டும் கை வைக்காதீர்கள்.

அடுத்த பொங்கலுக்குக் கிளம்புகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். முந்தின இரவே ஃபாஸ்டேக் கணக்கில் பணம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். வண்டி ஓட்டுவது நானோ, உங்கள் மகனோ, மருமகளோ, யாராக இருந்தாலும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு "ஏறு, ஏறு" என்று சொல்லாதீர்கள்.