உப்புக் காற்றில் ஓர் ஆர்கிட்

தூத்துக்குடி என்றால் உப்பளம், துறைமுகம், ஒரு காலத்து முத்துக்குளிப்பு. பூந்தோட்டம் யாருடைய நினைவுக்கும் வராது. அப்படிப்பட்ட ஊரிலே, கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் உள்ள வீட்டில், பத்தாம் வகுப்பிலும் எட்டாம் வகுப்பிலும் படிக்கும் அக்காள் தங்கையரான நாங்கள் ஆர்கிட் வளர்க்கிறோம் என்றால் தோழியர் நம்ப மறுக்கிறார்கள். "அது கொடைக்கானல் பூ அல்லவா?" என்கிறார்கள்.

கொடைக்கானலை அடுத்த செண்பகனூரில் இயேசு சபையார் அமைத்த ஆர்கிட் தோட்டம் பெயர் பெற்றதுதான். ஆனால் மலையில் மட்டுமே ஆர்கிட் வளரும் என்பது சரியன்று. 'வாண்டா டெசலேட்டா' என்னும் இனம் தமிழகத்துச் சமவெளியிலேயே மரக்கிளைகளைப் பற்றி வளர்கிறது. பலர் அதைப் புல்லுருவி என்று எண்ணிவிடுகிறார்கள். புல்லுருவி மரத்தின் சாற்றை உறிஞ்சும். ஆர்கிட்டோ, நல்ல குடித்தனக்காரியைப் போல, தங்க இடம் மட்டுமே கேட்கும். தனக்கு வேண்டிய நீரை மழையிலும் பனியிலும் தேடிக்கொள்ளும். அதற்கென்றே அதன் வேரைச் சுற்றிப் பஞ்சு போன்ற வெண்ணிற உறை உண்டு. நீர் பட்டதும் அந்த வெண்மை பச்சையாக மாறுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்!

நாங்கள் வளர்ப்பது வெப்பம் தாங்கும் 'டென்ட்ரோபியம்' கலப்பினம். இதற்கு மண் ஆகாது. காற்றோட்டம் இன்றி வேர் அழுகிவிடும். துளையிட்ட சட்டியில் ஓட்டுச் சில்லு, தேங்காய் மட்டைத் துண்டு, சீமைக்கருவேலங்கரி இவற்றை நிரப்பினோம். இம்மூன்றுக்கும் நம் பக்கத்தில் பஞ்சமே இல்லை.

பஞ்சம் தண்ணீருக்குத்தான். எங்கள் வீட்டு ஆழ்குழாய் நீர் உப்பு. உப்பு பட்டால் ஆர்கிட்டின் வேர் நுனி கருகிவிடும். தாமிரபரணி நீரோ எங்கள் தெருக் குழாயில் நாள்விட்டு நாள்தான் வரும். அதில் ஒரு குவளை எடுத்ததுமே அம்மா தடுத்துவிட்டார்கள். "ஏட்டி, குடிக்கத் தண்ணிக்கே பெரும்பாடா இருக்கு; பூவுக்குமா ஊத்தணும்?"

அம்மா கேட்டது நியாயமே. தெருவிலே பெண்கள் குடத்தோடு காத்து நிற்கையில், வாசலில் ஒரு பூவுக்காக நல்ல நீரைச் செலவிட எங்களுக்கு என்ன உரிமை? செடியை யாருக்காவது கொடுத்துவிடலாமா என்று இரண்டு நாள் எங்களுக்குள் வாக்குவாதம் நடந்தது. முடிவில், குடிநீரில் ஒரு சொட்டும் தொடுவதில்லை என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டுச் செடியை வைத்துக்கொண்டோம்.

ஐப்பசி, கார்த்திகை மழையைப் பீப்பாயில் பிடித்து, கொசு புகாமல் துணி கட்டி வைத்தோம். அது மாசியோடு தீர்ந்தது. அப்போதுதான் அடுத்த வீட்டு அத்தையின் ஏ.சி. குழாயில் இரவெல்லாம் சொட்டும் நீர் கண்ணில் பட்டது. காற்றின் ஈரமே குளிர்ந்து நீராவதால் அதில் உப்பு இல்லை. கடற்கரைக் காற்றில் ஈரத்துக்கா குறைவு? விடிவதற்குள் அரை வாளி சேர்ந்துவிடும். பள்ளிக்குக் கிளம்புமுன் அதைத் தெளிப்போம். மாலையில் தெளிப்பதில்லை, இரவில் குருத்தில் நீர் தங்கினால் அழுகிவிடும். ஆனி, ஆடியில் வீசும் கச்சான் காற்று இருக்கும் ஈரத்தையெல்லாம் வாரிக்கொண்டு போகும். அதற்காக மேற்குப் பக்கம் பனையோலைத் தட்டி கட்டி, சட்டிக்கு அடியில் நனைந்த சரளைக்கல் பரப்பினோம்.

பிறகு காத்திருப்புத்தான். காத்திருக்க இந்த ஊருக்குச் சொல்லித் தரவா வேண்டும்? சிப்பிக்குள் மணியை வைத்துக் காத்திருந்து 1973-இல் வளர்ப்பு முத்து எடுத்த கரை அல்லவா இது! சிங்கப்பூரின் தேசிய மலரான ஆர்கிட்டும் அக்னஸ் ஜோக்கிம் என்ற அர்மீனியப் பெண்மணியின் வீட்டுத் தோட்டத்திலிருந்து வந்ததே. 1893-இல் அறிவிக்கப்பட்ட அம்மலர், 1981-இல்தான் அந்தப் பெருமையைப் பெற்றது. அதைக் காண அவர் இல்லை, 1899-லேயே மறைந்துவிட்டார்.

எங்கள் செடி பதினான்கு மாதத்தில் பூத்தது. ஒரு தண்டில் ஏழு ஊதாப் பூக்கள். ஆச்சி பார்த்துவிட்டு, "வாசமும் இல்ல, தலையில வைக்கவும் ஆகாது, இதுக்கா இவ்வளவு பாடு?" என்றார்கள். பிச்சிப்பூ மறுநாளே வாடும். இது 27 நாள் நின்றது. நாட்காட்டியில் குறித்து ஆச்சியிடம் காட்டினோம். பதிலில்லை!

இப்போது பழைய தண்டின் கணுவில் வேரோடு ஒரு கன்று முளைத்திருக்கிறது. வேர் இரண்டு அங்குலம் நீண்டதும் பிரித்து வைக்கலாம். வகுப்பில் நான்கு பேர் கேட்டிருக்கிறார்கள். ஆனால் முதற்கன்று அடுத்த வீட்டு அத்தைக்குத்தான் என்று அம்மா சொல்லிவிட்டார்கள். தண்ணீர் அவர்களுடையது அல்லவா?