பல்ஸ்ஆடியோவைத் தூக்கிடு

லினக்ஸில் சத்தம் வரவில்லை என்று யார் வந்தாலும் என்னிடம் ஒரே மருந்துதான் இருந்தது: “பல்ஸ்ஆடியோவைத் தூக்கிடு.” எங்கே பழுது என்று பார்க்காமலே சொல்வேன். பார்க்கத் தெரியாது என்பதே உண்மை. அதை ஒப்புக்கொள்ள வாய் வரவில்லை.

2008 ஏப்ரலில் உபுண்டு லினக்ஸின் 8.04 பதிப்பு வந்தபோது, எல்லா நிரல்களின் ஒலியையும் கலந்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் பொறுப்பு பல்ஸ்ஆடியோவிடம் போனது. பிரவுசருக்குள் ஓடும் ஃபிளாஷ் ப்ளக்இன்னோ அதைக் கண்டுகொள்ளாமல், அடியில் இருந்த ஒலி அடுக்கான ஆல்சாவிடம் நேராகப் போனது. பாட்டு ஓடும்போது வீடியோவைத் திறந்தால் படம் மட்டும் ஓடும். சவுண்ட் கார்டை முதலில் பிடித்தவருக்கே குரல், மற்றவர் ஊமை. அதே ஆண்டு ஃபிளாஷ் 10 வந்தபின், ஆல்சாவுக்குப் போகும் ஒலியைப் பல்ஸ்ஆடியோவுக்குத் திருப்பிவிட ஒரு சின்ன அமைப்புக் கோப்பே போதுமாக இருந்தது. நான் படித்தால்தானே? நீக்கச் சொன்னேன், சத்தம் வந்தது, விவரமானவன் என்று பெயரும் வந்தது.

பக்கவிளைவு எனக்குத் தெரியும். பல்ஸ்ஆடியோ போனால், ஒவ்வொரு நிரலுக்கும் தனியாகச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க முடியாது. ஓடுகிற பாட்டை யூஎஸ்பி ஹெட்போனுக்கு மாற்றவும் முடியாது. அப்படிப் புலம்பியவர்களிடம் “ஹார்டுவேர் சரியில்லை” என்றேன். அது அறியாமை அல்ல, பொய்.

2010 இறுதியில் ஃபெடோரா லினக்ஸ் 14 போட்டவர்களுக்கு ஃபிளாஷில் ஒலி கரகரத்தது. அதற்கும் அதே மருந்தைக் கொடுத்தேன். கரகரப்பு நிற்கவில்லை. கோளாறு ஒலி அமைப்பிலேயே இல்லை. லினக்ஸ் நிரல்கள் நம்பியிருக்கும் சி நூலகமான ஜிலிப்சியின் புதிய பதிப்பில், நினைவகத் தரவை நகலெடுக்கும் மெம்கப்பி சில பிராசசர்களில் பின்னிருந்து முன்னாக நகலெடுக்கத் தொடங்கியிருந்தது. எடுக்கும் இடமும் வைக்கும் இடமும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தால் அதற்கென்றே உள்ள மெம்மூவைத்தான் அழைக்க வேண்டும் என்பது சி மொழியின் விதி. ஃபிளாஷ் மெம்கப்பியை அழைத்துவிட்டு, அதுவரை அதிர்ஷ்டத்தில் தப்பியிருந்தது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே இது பற்றிய விவாதத்தில் இறங்கி, தப்பு ஃபிளாஷுடையது என்றாலும் அவதிப்படுவது பயனர்தானே என்று ஜிலிப்சிக்காரர்களிடம் வாதாடினார்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகாவது, என் பேச்சைக் கேட்டு நீக்கியவர்களைக் கூப்பிட்டு, திரும்பப் போட்டுக்கொள்ளச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. புதிதாக வந்தவர்களிடம் மெம்கப்பி கதையை நானே துருவிக் கண்டுபிடித்ததுபோல விளக்கினேன். அவர்கள் வாய்பிளந்து கேட்டார்கள். அதுவும் எனக்குப் பிடித்திருந்தது.