முகமும் முறுவலும்

மக்கள் பேசும் மொழிகள் பலவாயினும், முறுவல் என்னும் மொழி உலகெங்கும் ஒன்றே என்பர். இக்கூற்றுப் பாதி உண்மையே. மகிழ்ச்சியுற்ற குழந்தை எந்நாட்டிற் பிறந்ததாயினும் முறுவலிக்கும். மாந்தர் அனைவர்க்கும் பொதுவான முகக்குறிகள் உள என்பதைச் சார்லசு டார்வின் என்னும் அறிஞர் 1872-ஆம் ஆண்டில் தாம் வெளியிட்ட நூலில் விளக்கினார். ஆயினும், முன்பின் அறியாதாரை வழியிற் கண்டபொழுது முறுவலிக்கலாமா, கூடாதா என்பதை வரையறுப்பது இயற்கையன்று, அவ்வந்நாட்டு வழக்கமே. அவ்வழக்கத்தின் வேறுபாட்டை அறியாமையால் நல்லோரும் ஒருவரையொருவர் பிழைபட உணர்ந்து வருந்துகின்றனர்.

தருமபுரி மாவட்டத்தில், பென்னாகரத்திற்கு மேற்கே, காவிரியாறு பாறைகளிடையே பிளவுற்று வீழும் இடம் ஒகேனக்கல் ஆகும். நீர்த்திவலைகள் புகைபோல் எழுதலின், புகையும் கல் என்னும் பொருளுடைய கன்னடப் பெயர் அதற்கு அமைந்தது. அருவியின் அழகைக் காணவும், மூங்கிலாற் பின்னிய வட்டப் பரிசலிற் செல்லவும் அயல்நாட்டாரும் அங்கு வருவதுண்டு.

அவ்வாறு வரும் அமெரிக்கர் ஒருவரைக் கருதுவோம். அவர் எதிர்ப்படுவோர் அனைவரையும் நோக்கி முறுவலிக்கின்றார். தலையில் விறகு சுமந்து வரும் மூதாட்டி அவரை ஏற இறங்கப் பார்க்கின்றாள், பதிலுக்கு முறுவலித்தாளல்லள். இளம்பெண் ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு விரைந்து நடக்கின்றாள். 'இவ்வூரார் அன்பில்லாதவர் போலும்' என்று அவர் உள்ளம் சோர்கின்றது. மூதாட்டியோ, 'இவன் என்னைப் பார்த்து ஏன் சிரிக்கின்றான்? என் கோலத்தைக் கண்டு நகைக்கின்றானோ?' என்று ஐயுறுகின்றாள். சிறிது நேரங்கழித்து, வெயிலால் களைத்த அவர் அம்மூதாட்டியின் குடிசை வாயிலில் தண்ணீர் வேண்டி நிற்கின்றார். அவள் செம்பு நிறைய மோர் கொணர்ந்து தருகின்றாள். "எந்த ஊர் ஐயா? சாப்பிட்டாயிற்றா?" என்று வினவுகின்றாள். அவர் நீட்டும் காசை வாங்க மறுக்கின்றாள். அப்பொழுதும் அவள் முகத்தில் முறுவல் இல்லை. ஆயினும் அவள் செய்கையில் அன்பு இருந்தது. முறுவலில் அன்பைத் தேடியவர் அதனை மோரிற் கண்டார்.

மூதாட்டியின் ஐயம் பொருளற்றதன்று. மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையை முதற்கண் வைத்த தொல்காப்பியர், எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கும் அதன் நிலைக்களன்கள் என்றார். அந்நான்கனுள்ளும் முதலில் நிற்பது எள்ளலே. எனவே, காரணம் அறியப்படாத நகைப்பைக் கண்டவழி, 'இஃது எள்ளலோ' என்று தமிழ் மக்கள் ஐயுறுதல் இயல்பாகும். தருமபுரிப் பகுதியின் ஊர்களில் நடைபெறும் பாரதக் கூத்தைக் கண்டோர் இதனை நன்கு உணர்வர். புதிய மாளிகையில் தரையையும் தண்ணீரையும் பிரித்தறியாது துரியோதனன் தடுமாறினான். அதுகண்டு திரௌபதி நகைத்தாள். அந்நகை அவன் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. பெரும் பகைக்கு அதுவும் ஒரு வித்தாயிற்று என்று கூத்தர் நடித்துக் காட்டுவர். விடிய விடிய அக்கதையைக் கண்டு வளர்ந்த மக்கள், நகையை எளிதாகக் கருதுவரோ?

பிறநாடுகளிலும் இத்தகைய வேறுபாடுகள் உள. அமெரிக்க நாட்டிற் பல இடங்களில் வழிப்போக்கர் ஒருவரையொருவர் கண்டு முறுவலிப்பர். 'உமக்குத் தீங்கு நினைக்கவில்லை' என்பதற்கு மேல் அதற்குப் பொருளில்லை. இதனை அறியாது ஆங்குச் செல்லும் தமிழ் இளைஞன், 'இவர் நம்மிடம் நட்புக் கொண்டார்' என்று மகிழ்வான். மறுநாள் அவர் அறியாதவர்போற் கடந்து செல்ல, மனம் நோவான். உருசிய நாட்டிலோ, காரணமின்றி அயலாரை நோக்கி முறுவலித்தல் அறிவின்மை என்றோ, போலித்தன்மை என்றோ கருதப்படுவதுண்டு. 2018-ஆம் ஆண்டில் உலகக் கால்பந்துப் போட்டி அந்நாட்டில் நடைபெற்றபொழுது, வருவோரை இன்முகத்துடன் வரவேற்குமாறு இரயில் ஊழியர்க்குப் பயிற்சி அளிக்கப்பட்டது.

சப்பானிய நாட்டில் வாழ்ந்த லாப்காடியோ எர்ன் என்னும் எழுத்தாளர், 1894-ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் ஒரு நிகழ்ச்சியைக் குறித்துள்ளார். அயல்நாட்டுப் பெருமாட்டி ஒருத்தியின் இல்லத்தில் சப்பானியப் பெண் ஒருத்தி பணிபுரிந்தாள். ஒருநாள் அவள் முறுவலித்த முகத்துடன் வந்து, தன் கணவன் இறந்துவிட்டான் என்றும், இறுதிச் சடங்கிற்குச் செல்ல விடை வேண்டும் என்றும் கூறினாள். மாலையில் மீண்டு வந்து, கணவனது எலும்புச் சாம்பல் இருந்த கலத்தைக் காட்டியபொழுதும் சிரித்தாள். 'கல்நெஞ்சம் படைத்தவள்' என்று தலைவி அருவருத்தாள். உண்மை அதற்கு மாறானது. தன் துயரத்தால் பிறர் உள்ளம் வருந்தலாகாது என்று அடக்கிக் கொள்ளுதலே அந்நாட்டுப் பண்பு. அப்பணிப்பெண்ணின் சிரிப்பு, கண்ணீரை மறைத்த திரையாகும். திரையைக் கண்ட தலைவி, அதன் பின்னே இருந்த கண்ணீரைக் கண்டாளல்லள்.

இவ்வேறுபாடுகட்குக் காரணம் யாது? 32 நாடுகளைக் குறித்து ஆராய்ந்து 2015-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட கட்டுரை ஒன்று ஒரு விடை தருகின்றது. பல நாடுகளினின்றும் மக்கள் குடியேறிய நிலங்களில், உணர்ச்சியை முகத்தில் வெளிப்படையாகக் காட்டும் வழக்கம் மிகுந்துள்ளது என்பது அதன் முடிபு. பேச்சுமொழி ஒன்றாக இல்லாதவிடத்து, முகமே மொழியாதல் வேண்டுமன்றோ? தலைமுறை தலைமுறையாக ஒருவரையொருவர் அறிந்து வாழும் சிற்றூரிலோ, அறியாதாரிடம் முறுவலித்து நல்லெண்ணம் காட்டும் தேவை அரிதாகவே எழும். அங்கு, 'எந்த ஊர்?' என்னும் வினாவே முறுவலின் பணியைச் செய்கின்றது.

அங்ஙனமாயின், விருந்தினர்க்கு முகம் காட்டுதல் வேண்டா என்பது கருத்தோ? அன்று. தருமபுரியின் பழம்பெயர் தகடூர். அதனை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியை, எத்தனை முறை எத்துணைப் பேருடன் சென்றாலும் புதிதாகக் கண்டாற்போன்ற அன்புடன் வரவேற்பவன் என்று ஔவையார் புகழ்ந்துள்ளார். அவ்வள்ளலே ஒருமுறை, பெருஞ்சித்திரனார் என்னும் புலவரை நேரிற் காணாது பரிசிலை மட்டும் அனுப்பினான். புலவர் அதனை ஏற்க மறுத்தார். காணாமல் தரும் பொருளைக் கொள்ளத் தாம் வாணிகர் அல்லர் என்றும், மதித்துத் தருவது தினையளவே ஆயினும் தமக்கு இனிது என்றும் கூறினார். இவ்விரு செய்திகளும் புறநானூற்றில் உள்ளன. உள்ளத்தில் அன்புடையவனாயினும், அவன் முகத்தைக் காணாத விருந்தினர் உள்ளம் புண்பட்டது. விருந்தினர் வேண்டுவது பொருளன்று, மதிப்பே. அம்மதிப்பை ஒரு நாட்டார் முறுவலாற் காட்டுவர். ஒரு நாட்டார் தலை வணங்கிக் காட்டுவர். பிறிதொரு நாட்டார் மோர் கொடுத்துக் காட்டுவர். காட்டும் முறை வேறாயினும் காட்டப்படுவது ஒன்றே.

ஆதலின், வரவேற்போர்க்கும் வருவோர்க்கும் கடமைகள் உண்டு. அயல்நாட்டுப் பெண் ஒருத்தி வழியில் முறுவலிப்பாளாயின், அஃது அவள் நாட்டு வணக்கம் என்று உணர்தல் வேண்டும். அதற்கு வேறு பொருள் கற்பித்து அவளைப் பின்தொடர்தல் பண்புடைய இளைஞர் செயலன்று. அஃது அவளுக்குத் தீங்காவதுடன் ஊருக்கும் பழியாகும். அவ்வாறே, வேற்று நாட்டிற்குச் செல்வோர் ஆங்குள்ளார் முறுவலிக்கவில்லை என்பதற்காக அவரை வெறுத்தலும், முறுவலித்தனர் என்பதற்காக உயிர்நண்பர் எனக் கொள்ளுதலும் பிழையாகும். சில நாள் பொறுத்திருந்து, அந்நிலத்தார் அன்பை எவ்வாறு காட்டுகின்றனர் என்று கற்றல் வேண்டும்.

வேற்றுமொழி நூலைக் கல்லாமலே இகழ்வோனை அறிவுடையோன் என்று எவரும் சொல்லார். மாந்தர் முகமும் ஒரு நூலே. அதன் எழுத்துகளைக் கற்றபின்னரே அதன் பொருளைக் கூறுதல் முறையாகும்.