எடை எடுக்கும் வேலை

அங்கன்வாடி என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது சோறும் பாட்டும் மதியத் தூக்கமும்தான். அந்த வேலையிலேயே இருக்கிற என்னைக் கேட்டால், மாதம் ஒருமுறை எடை எடுப்பதைத்தான் முதலில் சொல்வேன். கொடுக்கிற சத்துமாவும் முட்டையும் சோறும் எந்தக் குழந்தைக்கு உடம்பில் ஒட்டுகிறது, எந்தக் குழந்தைக்கு ஒட்டவில்லை என்று காட்டிக்கொடுப்பது அந்த எடைதான். அது சரியில்லை என்றால் மாவு பாக்கெட் போய்ச் சேர்ந்ததற்குக் கையெழுத்து இருக்கும், பிள்ளை தேறியதற்கு அத்தாட்சி இருக்காது.

பார்க்க எளிய வேலை. செய்யும்போதுதான் அதன் நுணுக்கம் தெரியும். தொங்கு தராசைக் கண்ணுக்கு நேரான உயரத்தில் மாட்ட வேண்டும். கீழே இருந்து அண்ணாந்து பார்த்தால் ஒரு எண், மேலே இருந்து பார்த்தால் வேறொரு எண். ஒவ்வொரு குழந்தைக்கும் முன்னால், காலிப் பையோடு முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு சட்டையைக் கழற்ற வேண்டும். அதோடு வெள்ளித் தண்டை, கொலுசு, கனமான அரைஞாண். "தண்டையைக் கழட்டாதீங்க டீச்சர், கண்ணு பட்டுரும்" என்று அப்பத்தாக்கள் தடுப்பார்கள். எடை எடுத்த கையோடு நானே திரும்ப மாட்டிவிடுகிறேன் என்று சொல்லித்தான் வாங்குவேன். ஒரு வயதை ஒட்டிய குழந்தைக்கு ஒரு மாதத்தில் ஏற வேண்டிய எடையே ஏறக்குறைய 200 கிராம்தான். ஒரு ஜோடி தண்டை அதில் பாதியை மறைத்துவிடும். குழந்தை கால் உதைத்து அழும்போது முள் ஆடிக்கொண்டே இருக்கும். ஆயா கைதட்டி அதன் கவனத்தைத் திருப்ப, முள் நிற்கிற அந்த ஒரு நொடியில் பார்த்துவிட வேண்டும்.

எண்ணை எழுதியதோடு வேலை முடிந்துவிடாது. வளர்ச்சி அட்டையில் போன மாதப் புள்ளியோடு இந்த மாதப் புள்ளியைச் சேர்க்க வேண்டும். கோடு மேலே ஏறினால் நிம்மதி. படுத்தால் கவலை. இறங்கினால் அன்று மாலையே அந்த வீட்டுக்குப் போயாக வேண்டும். அட்டையில் சரியான எடையைக் குறிக்கும் பச்சைப் பட்டையில் இருக்கிற குழந்தை என்று சமாதானம் அடையக் கூடாது. பச்சையில் இருந்தபடியே இரண்டு மாதம் கோடு படுத்திருந்தால், அடுத்து மஞ்சளுக்கு இறங்கப் போகிறது என்று அர்த்தம். குழந்தை இளைத்தது கண்ணுக்குத் தெரிவதற்குப் பல வாரம் முன்னாலேயே கோடு சொல்லிவிடும்.

இந்த முறைக்குத் தமிழ்நாட்டில் ஒரு வரலாறு உண்டு. 1980-இல் மதுரை மாவட்டத்தின் கொட்டாம்பட்டியில் தொடங்கிப் பல மாவட்டங்களுக்குப் பரவியது தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம். உலக வங்கிக் கடனில் நடந்தது. 6 மாதம் முதல் 36 மாதம் வரையுள்ள குழந்தைகளை மாதாமாதம் எடை பார்த்து, ஏற வேண்டிய எடை ஏறாத குழந்தையை 90 நாள் கூடுதல் உணவில் சேர்த்தார்கள். அரை கிலோ கூடியதும் விடுவித்தார்கள். எல்லாருக்கும் ஒரே அளவு கொடுப்பதற்குப் பதில், தேவைப்படுகிற குழந்தையைத் தேவைப்படுகிற மாதத்திலேயே கண்டுபிடிப்பதுதான் அதன் அடிப்படை. திட்டம் 1997-இல் முடிந்தது. 1975 அக்டோபர் 2-இல் மத்திய அரசு தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தின் கீழ் இன்று நாங்கள் வேலை செய்கிறோம். ஆனால் அந்தப் பழைய பாடம் எங்கள் வேலைக்குள் அப்படியே இருக்கிறது.

எடையோடு இன்னும் இரண்டு பரிசோதனைகள் உண்டு. இடது கையில், தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் நாடாவைச் சுற்றுவோம். இறுக்கவும் கூடாது, தொளதொளவென்றும் இருக்கக் கூடாது. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை, சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடு. 12.5-க்குக் குறைந்தால் மிதமானது. பிறகு இரண்டு பாதங்களையும் கட்டைவிரலால் மூன்று நொடி அழுத்திப் பார்ப்போம். குழி விழுந்தால் அது நீர் கோத்த வீக்கம். அந்தக் குழந்தையின் எடை சரியாக இருப்பதுபோலக் காட்டும், அதை நம்பக் கூடாது. அன்றே கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லி மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

கோடு படுத்த குழந்தையின் வீட்டுக்குப் போனால், காரணம் குழந்தையிடம் இருப்பதைவிடக் குடும்பத்திடம் இருப்பதுதான் அதிகம். ஒரு வீட்டில் பத்து மாதக் குழந்தைக்கு இரண்டு மாதமாக எடை ஏறவில்லை. காய்ச்சல் இல்லை, பேதி இல்லை, மாவும் ஒழுங்காக வாங்குகிறார்கள். சாயங்காலம் போய்த் திண்ணையில் உட்கார்ந்து பேசியபோதுதான் விஷயம் வந்தது. தனிக்குடித்தனம் வந்து ஒரு வருஷம் ஆகிறது. பெயர்கள் இன்னும் மாமனார் வீட்டு ரேஷன் கார்டில்தான் இருக்கின்றன. தமிழ்நாட்டில் 2011 முதல் ரேஷன் அரிசி இலவசம், ஆனால் இவர்கள் கடையில் விலைக்கு வாங்கிக்கொண்டிருந்தார்கள். கணவனுக்குக் காலில் அடிபட்டு வேலை இல்லை. அந்தப் பெண் விடியற்காலையில் களையெடுக்கப் போகிறாள். சத்துமாவு பாக்கெட்டில் வீட்டில் இருக்கிற மூன்று பிள்ளைகளுக்கும் கொழுக்கட்டை. அதில் அவளை நான் என்ன குறை சொல்ல முடியும்? பசித்த பிள்ளைகளுக்கு நடுவில் ஒன்றுக்கு மட்டும் கொடு என்று எந்தத் தாயிடமும் சொல்ல முடியாது.

எங்கள் உணவு ஒரு குழந்தைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 500 கலோரி. அது வீட்டுச் சாப்பாட்டுக்கு மேலே கொடுக்கிற கூடுதல். வீட்டில் சோறு குறைந்தால் கூடுதலே முழுச் சாப்பாடாகிவிடும். அதனால் அந்த வீட்டுக்கு மாவைவிட அவசரமாகத் தேவைப்பட்டது புதிய ரேஷன் கார்டு. பழைய அட்டையில் பெயர் நீக்கி, பிள்ளைகளின் பெயரையும் சேர்த்து விண்ணப்பிக்க வைத்தோம். கார்டு வந்து அரிசியும் பருப்பும் எண்ணெயும் வீட்டுக்குள் வந்த பிறகு கோடு மெல்ல நிமிர்ந்தது.

இதனால்தான் குழந்தையின் எடையைக் குடும்பத்தின் வரவுசெலவாகவே நான் படிக்கிறேன். முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவி ஒரு அலுவலகத்தில், ரேஷன் ஒரு அலுவலகத்தில், மகளிர் உரிமைத்தொகை இன்னொன்றில், வேலை உறுதித் திட்டம் ஊராட்சியில். எல்லாம் ஒரே குழந்தையின் தட்டுக்குத்தான் வந்து சேர வேண்டும். 2005-இன் ஊரக வேலை உறுதிச் சட்டத்தில்கூட, வேலையிடத்துக்கு ஐந்து அல்லது அதற்கு மேல் சிறு குழந்தைகள் வந்தால் அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்த வேண்டும் என்று எழுதப்பட்டது. இவற்றில் எது அறுந்துபோயிருக்கிறது என்று அந்த வீட்டுக்குப் போகிறவருக்குத்தான் தெரியும்.

தாய்மாரிடம் பேசுவதும் இந்தத் தொழிலின் ஒரு பாகம். "சத்தானதா குடும்மா" என்று சொன்னால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. கிண்ணத்தைக் கொண்டுவரச் சொல்லி, மாவைக் கொதிநீரில் கெட்டியாகக் கிளறி, ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டுக் காட்ட வேண்டும். பிள்ளையின் வயிறு சின்னது, ஒரே வேளையில் நிறையப் போகாது. ஒன்பது மாதத்துக்கு மேல் மூன்று நான்கு வேளை கொடுக்க வேண்டும். அம்மா வேலைக்குப் போகிற வீட்டில் அந்த வேளைகளைக் கொடுப்பவர் அப்பத்தாவோ அம்மாச்சியோதான். ஆகவே செய்முறையை அவர்களுக்குத்தான் காட்ட வேண்டும்.

இப்போது எல்லா எடையும் கைபேசிச் செயலியில் ஏறுகிறது. பதிவு வேகமாக மேலே போகிறது, நல்லதுதான். ஆனால் தராசில் ஏற்றாமல், போன மாத எடையோடு உத்தேசமாக ஏதோ கூட்டி எழுதினாலும் செயலி வாங்கிக்கொள்ளும். அப்படி எழுதப்படும் ஒவ்வொரு எண்ணும் உதவி கிடைத்திருக்க வேண்டிய ஒரு குழந்தையை மறைத்துவிடுகிறது. இந்த வேலையில் இதைவிடப் பெரிய தீங்கு எனக்குத் தெரியவில்லை.

அதனால் அதிகாரிகளிடம் ஒரு வேண்டுகோள். ஒரு மையத்தில் குறைபாடுள்ள குழந்தைகளின் எண்ணிக்கை கூடினால், முதலில் அந்தப் பணியாளரைக் கடிந்துகொள்ளாதீர்கள். அவர் தராசை நேர்மையாகப் பிடித்திருக்கலாம். அந்தக் குழந்தைகளுக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள், அவர் வீடு வீடாகப் போவதற்கு நேரம் கொடுங்கள், பழுதான தராசை மாற்றிக் கொடுங்கள். பெற்றோரிடமும் ஒன்று கேட்கிறேன். பிள்ளை கொழுகொழுவென்று இருந்தாலும் சரி, எடை எடுக்கும் நாளில் கட்டாயம் தூக்கிக்கொண்டு வாருங்கள். அட்டையை வாங்கி, கோடு ஏறியிருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். ஏறவில்லை என்றால் ஏன் என்று எங்களைக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. பதில் சொல்வதும், உங்கள் வீடு தேடி வருவதும் எங்கள் கடமை.