பாறைக்குள் தட்டுபவர்கள்

வேலூர்ப் பக்கத்து மணலை மட்டுமே பாலாறு என்று அறிந்தவனுக்கு பேத்தமங்களா ஏரியே முதல் அதிசயம். நந்தி மலைப் பக்கம் பிறந்த ஆறு, தமிழ்நாட்டை எட்டுவதற்கு வெகு முன்பே இங்கே தேங்கிக் கிடக்கிறது. கோலார் தங்கவயலுக்குக் குழாயில் குடிநீர் போனதும் இங்கிருந்துதான்.

நான் வந்தது ஏரி பார்க்க அல்ல, பேய் விசாரிக்க. கரையோர டீக்கடையில் இருந்த பெரியவர் சுரங்கத்தில் உழைத்து ஓய்ந்தவர். தாத்தா காலத்தில் வட ஆற்காட்டிலிருந்து வந்த குடும்பம். "ஐயா, இந்த ஏரியில் ஏதாவது நடமாட்டம் உண்டா?" என்று கேட்டேன். சிரித்தார். "ஏரியில என்னா இருக்குது தம்பி? அதெல்லாம் கீழ, மைன்ஸ்ல."

அந்தக் 'கீழ' சாதாரணக் கீழ் அல்ல. 1880-இல் பிரிட்டிஷ் ஜான் டெய்லர் கம்பெனி தங்கவயலுக்கு வந்த பிறகு தோண்டத் தோண்ட இறங்கிய சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போனது. அடியில் பாறையின் சூடு 60 டிகிரியைத் தாண்டும். அந்த இருட்டில் பாறை முதலில் முனகும், பிறகு 'டக் டக்' என்று தட்டும் என்றார் பெரியவர். அனுபவசாலிகள் அதைக் கேட்டதும் சாமான்களைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்களாம். தட்டியது யார் என்று கேட்டேன். "யாரோ. நமக்கு வேண்டியவங்கதான்" என்றார்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் உள்ள கார்ன்வால் தகரச் சுரங்கங்களிலும் இதே கதை உண்டு. சுவருக்குள்ளிருந்து தட்டும் குள்ளர்களுக்கு அங்கே 'நாக்கர்' என்று பெயர். மதியச் சாப்பாட்டில் ஒரு துண்டை அவர்களுக்கென்று போட்டுவிட வேண்டும். சுரங்கத்துக்குள் சீட்டியடித்தால் அவர்களுக்குப் பிடிக்காது. தங்கவயலில் மேற்பார்வைக்கு வந்த வெள்ளைக்காரர்களில் கார்ன்வால்காரர்கள் நிறைய. கப்பலேறும்போது குள்ளர்களை மட்டும் ஊரிலேயே விட்டுவிட்டா வந்திருப்பார்கள்?

ஜெர்மனியின் அக்ரிகோலா சுரங்கத் தொழிலைப் பற்றிப் பெரிய நூல் எழுதிய அறிஞர். நூல் வெளிவந்தது 1556-இல். அவரும் தொழிலாளி உடுப்பில் வேலை செய்வதுபோல் பாவனை காட்டும் குட்டி உருவங்களைப் பற்றி எழுதியிருக்கிறார். பொலிவியாவின் போட்டோசி வெள்ளிச் சுரங்கத்தில் கொம்பு வைத்த 'எல் தியோ' என்ற சுரங்கச் சாமி சிலையாக உட்கார்ந்திருக்கிறார். வெளியே மாதா கோயில், உள்ளே இவர். படையல் சிகரெட், சாராயம், கோக்கா இலை. நம் முனீசுவரனுக்குச் சுருட்டும் சாராயமும் வைப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அச்சத்துக்கு ஓர் உருவம் கொடுத்துவிட்டால் அதனோடு பேரம் பேசலாம்.

இவற்றை மூடநம்பிக்கை என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. தாது வெட்டிய இடம் வெற்றாகிவிடும். மேலே உள்ள பாறையின் பாரம் முழுவதும் பக்கத்துப் பாறைமீது இறங்கும். தாங்க முடியாதபோது அது உள்ளுக்குள் சிறிது சிறிதாக விரிசல் விடும். அந்தச் சத்தம்தான் தட்டல். அதற்குப் பிறகு வருவது பாறை வெடிப்பு. தங்கவயல் ஆட்கள் 'ராக் பர்ஸ்ட்' என்று சொல்லி இன்றும் முகம் மாறுவது அதற்குத்தான். தட்டலைக் கேட்டு ஓடியவன் பிழைத்தான். காரணத்தை அவன் என்ன பெயரில் சொன்னால் என்ன? அதே சத்தத்தைக் கருவியால் கேட்கும் வேலையும் இங்கே நடந்தது. தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் 1988-இல் தங்கவயலில்தான் தொடங்கியது.

இன்னொரு பேயும் இந்தச் சுரங்கத்தில் அகப்பட்டது. எதையும் ஊடுருவிப் போவதால் நியூட்ரினோவை விஞ்ஞானிகளே 'பேய்த் துகள்' என்கிறார்கள். மற்றத் துகள்களை மேலே உள்ள பாறை வடிகட்டிவிடும் என்று டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார், ஜப்பானிய, பிரிட்டிஷ் ஆய்வாளர்களோடு சேர்ந்து 2 கிலோமீட்டருக்கும் கீழே கருவி வைத்தார்கள். காற்று மண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவின் தடயம் 1965-இல் கிடைத்தது. அதே ஆண்டு தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றிலும் அது தென்பட்டது.

சுரங்கம் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டது. சுரங்கக் குழிகளில் இப்போது தண்ணீர். பங்காருப்பேட்டையில் மாறி மாரிக்குப்பம் ரயிலில் போகிறவர்கள் தங்கம் பிரித்தபின் கொட்டிய சைனைடு மண்மேட்டைப் படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். தொழிலாளர்களின் லைன் வீடுகளில் பெரியவர்கள் இருக்கிறார்கள். தட்டலைக் காதால் கேட்டவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துவருகிறார்கள். உட்கார்ந்து கேட்டு, பதிவு செய்துகொண்டு வாருங்கள்.