கடற்காற்றும் கல்யாணப் பத்திரிகையும்

காரைக்காலில் அச்சுக்கூடம் வைக்கிறவர்கள் மிஷினுக்கு முன்னால் காற்றைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் பிரித்துவைத்த காகிதக் கட்டு ஒரே ராத்திரியில் ஓரம் சுருண்டுவிடும். மை லேசில் காயாது. வீட்டை ஒட்டிய கார் ஷெட்டை ஸ்கிரீன் பிரிண்டிங் கூடமாக மாற்றியிருக்கும் ஒரு குடும்பத்தைப் பார்க்கப் போனபோது, அவர்கள் முதலில் காட்டியது தரையைத்தான்.

தெருத் தண்ணீர் ஏறாதபடி ஒரு படி உயர்த்தி சிமென்ட் போட்டிருந்தார்கள். காகிதக் கட்டுகள் மரப்பலகை மேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி இருந்தன. ஷட்டருக்கு அடியில் ரப்பர் பட்டை. ஜன்னல் பெரிதாக வைத்தால் தூசி வந்து ஈர மையில் ஒட்டும் என்று, பின்சுவரில் உயரத்தில் எக்ஸாஸ்ட் ஃபேன் மட்டும் வைத்திருக்கிறார்கள். ஒரு மூலையைத் தடுத்து இருட்டறை. உள்ளே மஞ்சள் பல்பு.

வீட்டு மருமகள்தான் ஸ்கிரீன் போடுகிறார். மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய நைலான் வலையில் மருந்தைத் தடவி, இருட்டறையில் உலர்த்துகிறார். அதன்மேல் எழுத்துள்ள டிரேசிங் தாளை வைத்து, கண்ணாடியால் அழுத்தி வெயிலில் காட்டுகிறார். வெயில் பட்ட இடம் இறுகிவிடும். கறுப்பு எழுத்து மறைத்த இடம் இளகியே இருக்கும். தண்ணீர் ஊற்றியதும் அது கரைந்து எழுத்தின் உருவம் வலையில் திறந்துகொள்ளும். மேகம் மூடிய நாளில் எத்தனை நிமிஷம் காட்டுவது என்பதற்குக் கணக்கு கிடையாது. வாசலில் நின்று வானத்தைப் பார்த்தே அவர் முடிவு செய்கிறார். அப்புறம் ஸ்க்வீஜியால் ஒரே இழுப்பு. கை நடுவில் தயங்கினால் அந்த அட்டை வீண்.

கல்யாண அட்டை பெரும்பாலும் சிவகாசியிலிருந்து வந்துவிடுகிறது. பெயரும் நாளும் இங்கே ஏறுகின்றன. பிள்ளையார் சுழி, 786, சிலுவை மூன்றுக்கும் சட்டங்கள் ஒரே ஆணியில் தொங்குகின்றன. ஆனி மாதம் காரைக்கால் அம்மையார் மாங்கனித் திருவிழாவுக்குத் துண்டறிக்கை, அப்புறம் தர்கா கந்தூரி வேலை. இதற்கு நடுவே, தன் ஆசைக்கு மருமகள் வரைந்து அடித்த படங்கள்: மாம்பழக் கொத்து, கரைக்கு இழுத்த படகு, அரசலாற்றுப் பாலம். கூலி வேலையைவிட இவற்றில் மை அடர்த்தியாக, ஒழுங்காக விழுந்திருந்தது.

“மாமா, இதைக் கொஞ்சம் பாருங்க” என்று ப்ரூஃபை நீட்டினார். மாமனார் டிரெடில் அச்சு மிஷின் காலத்துக் கம்பாசிட்டர். ஸ்டிக்கில் எழுத்துகளைத் தலைகீழாகக் கோத்துப் பழகிய கண். கு, கூ ஒவ்வொன்றுக்கும் தனி அச்சு; அத்தனை அறைகளும் அவருக்குக் கைப்பழக்கம். பார்த்த மாத்திரத்தில் மணமகளின் அப்பா பெயரில் விட்டுப்போன ஒற்றைக் காட்டினார். “இதோட போயிருந்தா சம்பந்தி வீட்டுல என்ன சொல்லுவாங்க?” கணினித் திரையில் பலமுறை பார்த்தும் கண்ணில் படாத பிழை அது. சின்ன அச்சகங்களில் நாம் இழந்துவருவது இந்தக் கண்ணைத்தான் என்று எனக்குப் படுகிறது.

இந்தக் கரைக்கு அச்சுத் தொழில் புதிதல்ல. நண்டலாற்றைத் தாண்டினால் பொறையாறு, தரங்கம்பாடி. ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து 1713இல் தரங்கம்பாடி மிஷனரி சீகன்பால்குக்கு வந்த தமிழ் எழுத்துகள் பெரிதாக இருந்ததால் காகிதம் ஏராளமாகச் செலவானது. பாலாடைக்கட்டி வந்த டப்பாக்களின் ஈயத்தை உருக்கி அங்கேயே சிறிய எழுத்துகள் வார்த்தார்கள் என்று அச்சு வரலாறு சொல்கிறது. 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறி முடிந்தது. காகிதத் தட்டுப்பாட்டுக்காகப் பொறையாற்றில் காகித ஆலையும் வைத்துப் பார்த்தார்கள். இருப்பதை வைத்துச் சமாளித்த அந்தத் தொழிலின் நேர் வாரிசாகத்தான் இந்த ஷெட் எனக்குத் தெரிகிறது.

பெரியவருக்கு ஒரு ஆசை பாக்கி. அவர் வேலை பார்த்த அச்சகத்தின் டிரெடில் கிடப்பில் இருக்கிறது. அதன் கனத்தைத் தாங்க, ஷெட்டின் இடது மூலையில் ஏற்கெனவே கனமாகக் கான்கிரீட் போட்டுவிட்டார்கள். பழைய இரும்பு விலைக்கு எடைபோடுவதற்குள் அதை வாங்கிவிடுங்கள் என்று மகனிடம் சொன்னேன். தை முகூர்த்த வேலைக்குப் பணம் வந்ததும் முதல் செலவு அதுதான் என்றார்.